ஐரோப்பிய அரசியல்: சிக்கல் ஒன்று, விதி வேறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் எங்காவது தேர்தல் முடிந்தால் மறுநாள் நம் செய்தித்தாள்களில் வருவது பெரும்பாலும் ஒரே தலைப்புதான்: ‘வலதுசாரி அலை’. இல்லாவிட்டால் ‘வலதுசாரிகளுக்குச் சறுக்கல்’. குடியேற்றம், ஓய்வூதியம், கடன், பாதுகாப்புச் செலவு என்று அங்குள்ள தலைவலிகள் எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது, ஆட்சி எப்படி அமைகிறது, எப்படிக் கவிழ்கிறது என்ற விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அந்த விதிகளைப் பார்க்காமல் பேசினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஐரோப்பா முழுக்க வலதுசாரி அலை என்கிறார்களே, உண்மையா?

ஓட்டு ஏறியிருப்பது உண்மை. ஜெர்மனியில் ஏ.எஃப்.டி. (‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற கட்சி) 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கியது. ஆஸ்திரியாவில் சுதந்திரக் கட்சி 2024 செப்டம்பரில் 29 சதவீதத்தை நெருங்கி முதலிடம் பிடித்தது. சுவீடனில் சுவீடன் ஜனநாயகக் கட்சி 2022இல் 20 சதவீதத்தைத் தாண்டியது. இத்தாலியில் ஜார்ஜா மெலோனி 2022 அக்டோபரில் பிரதமராகவே ஆகிவிட்டார்.

இப்போது இந்த நான்கு நாடுகளில் அந்தக் கட்சிகள் எங்கே போய் உட்கார்ந்தன என்று பாருங்கள். ஜெர்மனியில் எதிர்க்கட்சி வரிசை. ஆஸ்திரியாவில் முதலிடம் வந்தும் ஆட்சி கிடைக்கவில்லை. மற்ற மூன்று கட்சிகள் சேர்ந்து 2025 மார்ச்சில் அரசு அமைத்தன. சுவீடனில் அமைச்சர் பதவி ஒன்றுகூட இல்லாமல் வெளியிலிருந்து ஆதரவு, ஆனால் கொள்கையில் பெரிய பிடி. இத்தாலியில் பிரதமர் நாற்காலி. நான்கு நாடு, நான்கு முடிவு. ‘அலை’ என்ற ஒரே சொல் இதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

ஓட்டு சதவீதம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் முடிவு இவ்வளவு மாறுமா?

மாறும். இதற்கு 2024 ஜூன் 30 முதல் ஜூலை 7 வரையிலான அந்த ஒரு வாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜூன் 30, ஞாயிறு. பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று. மரின் லெ பென்னின் தேசியப் பேரணிக் கட்சியும் அதன் கூட்டாளிகளும் 33 சதவீதம் வாங்கி முதலிடம். அடுத்த வியாழன், ஜூலை 4. பிரிட்டனில் பொதுத்தேர்தல். கீர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீதம். இரண்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. பிரிட்டனில் அந்த ஓட்டு 650இல் 411 இடங்களைக் கொடுத்தது. மறுநாளே ஸ்டார்மர் பிரதமர். பிரான்சில் ஜூலை 7ஆம் தேதி இரண்டாம் சுற்று முடிந்தபோது லெ பென் தரப்புக்கு 577இல் 143 இடம்தான், மூன்றாம் இடம்.

பிரிட்டனின் விதி நமக்குப் பழக்கமானது. இந்தியா அங்கிருந்துதான் அதை எடுத்துக்கொண்டது. தொகுதியில் யார் முந்துகிறாரோ அவர் வெற்றி, 25 சதவீதம் வாங்கினாலும் சரி. எதிர்த்தரப்பு சிதறிக் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டே மூன்றில் இரண்டு பங்கு இடத்தை நெருங்கிவிடும். அதே தேர்தலில் இன்னொரு கொடுமையும் நடந்தது. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடம். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். ஒருவரின் ஓட்டு நாடெங்கும் தெளித்துக் கிடந்தது, மற்றவரின் ஓட்டு குறிப்பிட்ட பகுதிகளில் குவிந்திருந்தது. ரிஃபார்ம் கட்சியின் கொள்கை எனக்கு ஒத்துவராது. ஆனாலும் 40 லட்சம் பேரின் ஓட்டுக்கு 5 இடம் என்பது நியாயம் இல்லை.

பிரான்சில் மட்டும் முடிவு எப்படித் தலைகீழானது?

அங்கே இரண்டு சுற்று. முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் இரண்டாம் சுற்று நடக்கும். முதல் இரண்டு இடங்களில் வந்தவர்களும், தொகுதியின் பதிவுபெற்ற வாக்காளர்களில் 12.5 சதவீதத்துக்கு மேல் ஓட்டு பெற்றவர்களும் அதில் நிற்கலாம். 2024இல் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து ஓட்டுப் போட்டதால் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் மும்முனைப் போட்டி என்ற நிலை. முதல் சுற்று முடிந்த இரண்டே நாளில் இடதுசாரிக் கூட்டணியிலும் அதிபர் மக்ரோனின் தரப்பிலும் 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாங்களாகவே விலகினார்கள், லெ பென் தரப்புக்கு எதிரான ஓட்டு பிரியக் கூடாது என்பதற்காக. ‘முதல் சுற்றில் விரும்பியவரைத் தேர்ந்தெடு, இரண்டாம் சுற்றில் வேண்டாதவரை விலக்கு’ என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பிரெஞ்சு வாக்குச்சாவடியையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேசைமேல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டுக் கட்டு இருக்கும். யாருக்குப் போடப்போகிறீர்கள் என்று தெரியாமலிருக்க, குறைந்தது இரண்டு சீட்டாவது எடுத்துக்கொண்டு திரைக்குள் போவார்கள். ஒன்றை உறையில் போட்டு, மீதியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரியும். உறை உள்ளே விழுந்ததும் மேசையில் இருப்பவர் ‘ஆ வோத்தே!’ என்று உரக்கச் சொல்வார். ‘வாக்களித்துவிட்டார்’ என்று பொருள்.

விகிதாசாரம், அதாவது ஓட்டு விகிதத்துக்கேற்ற இடம், இருந்தால் இந்த அநியாயமெல்லாம் இருக்காது, அப்படித்தானே?

வேறு வகை அநியாயம் வரும்! இலங்கை வாசகர்களுக்கு விகிதாசாரம் புதிதல்ல, 1978 அரசியலமைப்பே அதைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் ஏதோ ஒரு வகை விகிதாசாரத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் வாசற்படியின் உயரம் வேறு வேறு.

ஜெர்மனியில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி ஓட்டுதான் மொத்த இடங்களைத் தீர்மானிக்கும். கட்சி ஓட்டில் 5 சதவீதம் தாண்டாத கட்சிக்கு, மூன்று தொகுதிகளில் வெல்லாவிட்டால், கட்சியின் வேட்பாளர் பட்டியலிலிருந்து ஓர் இடமும் கிடையாது. 2025இல் சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி வாங்கியது 4.98 சதவீதம். ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவான வாக்குகள் பதிவான தேர்தலில், 10,000க்கும் குறைவான ஓட்டு போதாமல் வெளியே நின்றது. அந்த ஓட்டு மட்டும் விழுந்திருந்தால், பின்னர் கூட்டணி அமைத்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகளுக்கும் சமூக ஜனநாயகக் கட்சிக்கும் சேர்த்துப் பெரும்பான்மையே இருந்திருக்காது. ஜெர்மனியின் ஆட்சியே வேறாக இருந்திருக்கும்.

நெதர்லாந்தில் இதற்கு நேர்மாறு. மொத்தம் 150 இடம்; ஓர் இடத்துக்குரிய ஓட்டு, அதாவது சுமார் 0.67 சதவீதம், இருந்தால் போதும். விரித்தால் மேசையை மூடும் அளவுக்கு ஒரு வாக்குச்சீட்டு. நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே ஒரு வட்டத்தைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். 2025 அக்டோபர் 29 தேர்தலில் 15 கட்சிகள் உள்ளே வந்தன. கட்சிகள் அங்கே மழைக்காலக் காளான்போல் முளைக்கும், வாடும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘புதிய சமூக ஒப்பந்தம்’ என்ற கட்சி மூன்றே மாதத்தில் 20 இடம் பிடித்தது. இரண்டு வருடம் கழித்து ஓர் இடம்கூட இல்லை.

தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் ஆட்சி அமைக்காமல் இருப்பது எப்படிச் சாத்தியம்?

நம் ஊரில் கூட்டணி பெரும்பாலும் தேர்தலுக்கு முன்பே முடிவாகிவிடும், தொகுதிப் பங்கீடு உட்பட. விகிதாசார நாடுகளில் கட்சிகள் தனித்தனியே நின்று, முடிவு வந்தபிறகுதான் பேச உட்காரும். அந்தப் பேச்சு சாதாரணப் பேரம் இல்லை. எந்த வரியை எவ்வளவு ஏற்றுவது என்பது வரை எழுத்தில் பிடித்து, நூறு பக்கத்துக்கும் மேல் ஓர் ஒப்பந்தம் போடும் வழக்கம் ஜெர்மனியில் இருக்கிறது.

இதில் பெல்ஜியத்தை மிஞ்ச ஆள் இல்லை. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு புதிய அரசு பதவியேற்க 541 நாள் ஆனது. அங்கே டச்சு பேசும் பிளெமியர்களுக்குத் தனிக் கட்சிகள், பிரெஞ்சு பேசுபவர்களுக்குத் தனிக் கட்சிகள். ஒரே நாட்டுக்குள் இரண்டு தேர்தல் நடப்பதுபோல்தான். 2011 பிப்ரவரியில் பொறுமையிழந்த மாணவர்கள் தெருவுக்கு வந்து, இரு மொழிக்காரர்களுக்கும் பொதுவான உருளைக்கிழங்கு வறுவலை விநியோகித்துப் போராட்டம் நடத்தினார்கள். அப்படியிருந்தும் நாடு நிற்கவில்லை. காபந்து அரசே ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமையை ஆறு மாதம் வகித்தது. லிபியாவுக்குப் போர் விமானமும் அனுப்பியது. மாநிலங்களும் நகராட்சிகளும் வலுவாக இருக்கும் இடத்தில் மத்திய அரசு இல்லாவிட்டாலும் பள்ளி நடக்கும், குப்பை அள்ளப்படும். அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 541 நாளைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஆட்சி அவ்வளவாகக் கவிழ்வதில்லை, பிரான்சில் பிரதமர்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஏன்?

1949இல் ஜெர்மனி அரசியலமைப்பை எழுதியவர்கள் ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசில் சூடுபட்டவர்கள். ஆளுக்கொரு பக்கம் இருந்த எதிர்க்கட்சிகள், கவிழ்ப்பதற்கு மட்டும் கை கோத்துக்கொண்ட காலம் அது. ஆகவே ஒரு விதி வைத்தார்கள்: சான்சலரை (நம் பிரதமர் போன்றவர்) கவிழ்க்க வேண்டுமா, அடுத்தவர் யார் என்பதையும் அதே தீர்மானத்தில் தேர்ந்தெடு. கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் இது ஒரே ஒரு முறைதான் வென்றிருக்கிறது: 1982இல் ஹெல்முட் ஷ்மித் போய் ஹெல்முட் கோல் வந்தார். ஸ்பெயினும் இதே விதியை எடுத்துக்கொண்டது. 2018இல் பெத்ரோ சான்செஸ் பிரதமரானது அந்த வழியில்தான்.

ஆனால் ஜெர்மனியிலும் இப்போது நிலம் ஆடுகிறது. 2025 மே 6 காலை ஃபிரீட்ரிக் மெர்ஸைச் சான்சலராகத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் கூடியது. கூட்டணிக்கு 328 உறுப்பினர், தேவை 316, விழுந்தது 310. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் கைவிட்டது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் முதல் சுற்றில் ஒருவர் தோற்றது அதுவே முதல் தடவை. அன்று மாலைக்குள் இரண்டாம் முறை ஓட்டெடுத்து, 325 வாங்கித் தப்பினார்.

பிரான்சில் கவிழ்ப்பதற்குப் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும், மாற்று ஆள் தேவையில்லை. 2024 ஜூலைக்குப் பிறகு அவை மூன்று துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டுக்கும் பெரும்பான்மை இல்லை, ஒன்றோடொன்று ஒட்டவும் இல்லை. பிரதமர் மிஷெல் பார்னியே மூன்றே மாதத்தில், 2024 டிசம்பர் 4 அன்று, 331 ஓட்டில் வீழ்ந்தார். 1962க்குப் பிறகு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்த முதல் அரசு அவருடையது. அடுத்து வந்த பிரான்சுவா பேரூ 2025 செப்டம்பர் 8 அன்று தானே நம்பிக்கை வாக்குக் கேட்டுத் தோற்றார். அதற்கடுத்த செபாஸ்தியன் லகோர்னு அக்டோபர் 6 காலையில் ராஜினாமா செய்து, நான்கு நாளில் அதே பதவிக்கு மறுபடி நியமிக்கப்பட்டார்.

பிரான்சின் இந்த அரசியலமைப்பு 1958இல் கட்டப்பட்ட வீடு; பெரும்பாலும் அவையில் அதிபருக்கே பெரும்பான்மை இருந்து பழகியது. கூட்டணி பேசும் பழக்கமே அதற்குள் வளரவில்லை. ஒரு பெல்ஜிய அரசியல்வாதிக்கு இந்த மாதிரி அவை ஒரு சாதாரணத் திங்கட்கிழமை.

‘தீத்தடுப்புச் சுவர்’ என்று ஜெர்மனியில் சொல்வது எதை?

ஏ.எஃப்.டி.யோடு எந்தக் கூட்டும் இல்லை என்ற மற்றக் கட்சிகளின் உறுதியை. 2025 ஜனவரி 29 அன்று, தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பு, குடியேற்றக் கட்டுப்பாடு கோரி மெர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் ஏ.எஃப்.டி. ஓட்டோடு 348க்கு 344 என்று நிறைவேறியது. கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல, வெறும் தீர்மானம்தான். ஆனாலும் சொந்தக் கட்சியின் முன்னாள் சான்சலர் அங்கெலா மெர்கெல் வெளிப்படையாகக் கண்டித்தார். பெர்லினில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து அதே பொருளில் வந்த சட்ட மசோதா தோற்றது.

சுவர் பயன்படுகிறதா? நேர்மையாகச் சொன்னால், இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. ஜெர்மனியில் சுவர் இருந்தும் ஏ.எஃப்.டி. வளர்ந்தது. நெதர்லாந்தில் சுவரை எடுத்து வலதுசாரியான கேர்ட் வில்டர்ஸின் கட்சியை ஆட்சிக்குள் விட்டார்கள்; பதினொரு மாதத்தில், 2025 ஜூன் 3 அன்று, அவர் வெளியேறி அரசையே கவிழ்த்தார். அடுத்த தேர்தலில் அவருடைய இடங்கள் 37இலிருந்து 26ஆக இறங்கின. பின்லாந்தில் 2023 முதல் ஃபின்ஸ் கட்சி கூட்டணியில் இருக்கிறது, ஆட்சி அதனால் உடையவில்லை. என் கருத்தில், சுவரின் மதிப்பு ஓட்டைக் குறைப்பதில் இல்லை. காவல்துறையும் நீதித்துறையும் யார் கையில் போகிறது என்பதில் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காகவே நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

ஓய்வூதியப் பிரச்சினை எல்லா நாட்டிலும் இருக்கிறது. பிரான்சில் மட்டும் ஏன் தெருச் சண்டை?

வயதானவர்கள் கூடுகிறார்கள், குழந்தைகள் குறைகிறார்கள். கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். வேறுபாடு அந்தக் கணக்கை எப்படி, யாரோடு பேசினார்கள் என்பதில்.

டென்மார்க்கில் 2006இலேயே பெரிய கட்சிகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: ஆயுள் நீள நீள ஓய்வு வயதும் நீளும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதை உறுதி செய்யும். அந்த வழியில் 2025 மே மாதம், 2040க்குள் ஓய்வு வயது 70 என்று 81க்கு 21 ஓட்டில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆனால் அரசு விழவில்லை.

பிரான்சில் 62ஐ 64ஆக்குவதுதான் திட்டம். டென்மார்க்கோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் 2023 மார்ச் 16 அன்று பிரதமர் எலிசபெத் போர்ன் அரசியலமைப்பின் 49.3ஆம் பிரிவை எடுத்தார். வாக்கெடுப்பே இல்லாமல் சட்டமாக்கும் பிரிவு அது. நான்கு நாள் கழித்து வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வெறும் 9 ஓட்டில் தப்பினார். லட்சக்கணக்கானோர் பல மாதம் தெருவில் நின்றது இரண்டு வருட வேலைக்காக மட்டும் அல்ல, தங்கள் பிரதிநிதிகளுக்குக் கை தூக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதற்காகவும்தான். 2025 அக்டோபரில் லகோர்னு அந்தச் சீர்திருத்தத்தை அதிபர் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைப்பதாக அறிவித்துத்தான் பதவியில் நிலைத்தார்.

இதோடு விடுமுறைக் கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 1686 முதல் ‘பெரிய பிரார்த்தனை நாள்’ என்று ஒரு விடுமுறை. முந்தின நாள் மாலை சூடான கோதுமை ரொட்டி வாங்கி வெண்ணெய் தடவிச் சாப்பிடுவது வழக்கம். பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அந்த விடுமுறையை 2023இல் நாடாளுமன்றம் 95க்கு 68 என்று ரத்து செய்தது. பல்லாயிரம் பேர் கோபன்ஹேகனில் ஊர்வலம் போனார்கள்; மூன்று கட்சிக் கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்ததால் சட்டம் நின்றது. 2025இல் பேரூவும் 44 பில்லியன் யூரோ சிக்கனத் திட்டத்தில் இரண்டு விடுமுறைகளை எடுக்கலாம் என்றார்: ஈஸ்டர் திங்கள், மே 8. இரண்டு மாதத்துக்குள் அவருடைய பதவியே போய்விட்டது.

குடியேற்றம் விஷயத்தில் ஐரோப்பிய நாடுகளால் ஏன் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை?

வரைபடத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டப்ளின் விதிப்படி அகதி முதலில் எந்த நாட்டில் காலடி வைக்கிறாரோ பெரும்பாலும் அந்த நாடுதான் அவர் மனுவை விசாரிக்க வேண்டும். அப்படியென்றால் சுமை இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், மால்டா தலையில். லம்பெடூசா என்ற இத்தாலியத் தீவில் வாழ்பவர்கள் சுமார் 6,000 பேர். 2023 செப்டம்பரில் சில நாட்களுக்குள் அதைவிட அதிகமானோர் படகில் வந்து இறங்கினார்கள். ரோமில் இருப்பவருக்கு இது ‘ஐரோப்பா எங்களைக் கைவிட்டது’ என்ற கதை. ஆனால் வந்தவர்களில் பலர் வடக்கே நடந்து ஜெர்மனி போய்விடுகிறார்கள். பெர்லினுக்கு அது ‘இத்தாலி விதியை மீறுகிறது’ என்ற கதை. போலந்தும் ஹங்கேரியும் பங்கிடவே மாட்டோம் என்கின்றன. மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

2024இல் ஒரு புதிய ஒப்பந்தம் நிறைவேறியது. ஆட்களை ஏற்க விரும்பாத நாடு ஆளுக்கு 20,000 யூரோ கொடுத்தோ வேறு உதவி செய்தோ பங்கேற்கலாம். 2026 ஜூனில் நடைமுறை என்று தேதி வைத்தார்கள். அதற்குக் காத்திருக்காமல் ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டது. 2025 ஜூலையில் போலந்து பதிலுக்கு ஜெர்மனி எல்லையில் போட்டது. எல்லையில்லாப் பயணம் என்று பெருமைப்பட்ட ஷெங்கன் பகுதிக்குள்ளேதான் இது.

மேடையில் பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. கடுமையாகப் பேசியே வென்ற மெலோனியின் அரசுதான் 2023 முதல் 2025 வரை நான்கரை லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி ஒதுக்கியது. ஜெர்மனி 2024இல் இந்தியர்களுக்கான திறன் தொழிலாளர் விசாவை வருடத்துக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்த முடிவு செய்தது. முதியோரைப் பார்க்கவும், தக்காளி பறிக்கவும், மருத்துவமனையில் இரவுப்பணி செய்யவும் ஆள் வேண்டும். அதே ஆட்களுக்கு எதிராக ஓட்டும் வேண்டும். ஐரோப்பிய அரசியலில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனுக்குக் குடியேற்றம் குறைந்ததா?

இல்லை. ஐரோப்பியர் வருகை குறைந்தது, மற்றவர் வருகை கூடியது. 2023 நடுப்பகுதியோடு முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தொட்டது. பிறகு விசா விதிகளை இறுக்கியபின் இறங்கியது.

பாதுகாப்புச் செலவில் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

ரஷ்யா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. போலந்து உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்குச் செலவிடுகிறது. அங்கே எதிர்க்கட்சிகூட இதை எதிர்ப்பதில்லை. 2025 ஜூனில் நேட்டோவின் ஹேக் மாநாட்டில் 5 சதவீதம் என்று இலக்கு வைத்தபோது ஸ்பெயினின் சான்செஸ் ‘எங்களுக்கு 2.1 போதும்’ என்று ஒதுங்கினார். மாட்ரிட்டில் இருப்பவருக்குப் பயம் வேறு திசையிலிருந்து வருகிறது: வறட்சி, வீட்டு வாடகை.

ஜெர்மனி இதற்காக அரசியலமைப்பில் உள்ள தன் கடன் கட்டுப்பாட்டு விதியையே திருத்தியது. அதையும் அவசரமாக, 2025 மார்ச் 18 அன்று பழைய நாடாளுமன்றத்தை வைத்தே முடித்தார்கள். புதிய அவையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்ததால்தான்.

எல்லாவற்றையும் பிரசல்ஸ்தானே, அதாவது ஐரோப்பிய ஒன்றியம்தானே முடிவு செய்கிறது?

சந்தை, வாணிபம், போட்டி விதிகளில் பெருமளவு ஆம். வரி, வெளியுறவு போன்றவற்றில் 27 நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எதிர்த்து ஓட்டுப் போட்டால் நின்றுவிடும்; விலகி இருந்தால் நிற்காது. 2023 டிசம்பர் 14 இரவு, உக்ரைனோடு சேர்க்கைப் பேச்சைத் தொடங்கலாமா என்ற கேள்வியில் ஹங்கேரியின் விக்டர் ஓர்பான் மறுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ், வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமே என்பதுபோல் யோசனை சொன்னார். ஓர்பான் எழுந்து போனார். மீதி 26 பேர் முடிவெடுத்தார்கள். திரும்பி வந்து, உக்ரைனுக்கான 50 பில்லியன் யூரோ உதவியை அதே இரவில் தடுத்தார். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க 2024 பிப்ரவரி 1 ஆனது.

போலந்தில் ஆட்சி மாறியதும் நீதித்துறை சரியாகிவிட்டதா?

அவ்வளவு சுலபமில்லை. 2023 அக்டோபரில் 74 சதவீத வாக்குப்பதிவோடு மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். டொனால்ட் டஸ்க் பிரதமரானார். ஆனால் நீதிமன்றங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவர முந்தைய ஆட்சி நியமித்த நீதிபதிகள் இருக்கையில் இருக்கிறார்கள். சட்டத்துக்கு அதிபர் போடும் தடையை மீற ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், அது டஸ்கிடம் இல்லை. 2025 ஜூனில் எதிர்த்தரப்பின் கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீதத்தில் அதிபர் தேர்தலை வென்றதும் கதவு இன்னும் இறுகிவிட்டது. நீதிமன்றத்தை உடைப்பதற்கு ஆன காலத்தைவிடச் சட்டப்படி ஒட்டவைப்பதற்கு அதிகக் காலம் ஆகிறது.

ருமேனியாவில் தேர்தலையே ரத்து செய்தார்களே, அது ஜனநாயகமா?

எனக்கே இன்னும் மனம் ஒப்பாத கேள்வி. 2024 நவம்பர் 24 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், கருத்துக்கணிப்புகளில் பெரிதாகத் தென்படாத கெலின் ஜோர்ஜெஸ்கு முதலிடம் வந்தார். பிரசாரச் செலவு பூஜ்யம் என்று கணக்குக் கொடுத்திருந்தார், ஆனால் டிக்டாக் முழுக்க அவர் முகம். உளவுத்துறை ஆவணங்கள் வெளியானபின் அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 6 அன்று தேர்தலை ரத்து செய்தது. டிசம்பர் 8 இரண்டாம் சுற்று. வெளிநாட்டு ருமேனியர்கள் அதற்குள் ஓட்டுப் போடவே தொடங்கிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2025 மே மாதம் மறுதேர்தலில் புக்கரெஸ்ட் மேயர் நிகுஷோர் டான் 53.6 சதவீதத்தில் வென்றார். முடிவு நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் நீதிமன்றம் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும்போது சான்றுகளை மக்கள்முன் இன்னும் விரிவாக வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு ஓட்டு உண்டா?

பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களும் பெயர் பதியலாம். இது பலருக்குத் தெரியவில்லை. நார்வேயில் மூன்று வருடம் சட்டப்படி வசித்தால் குடியுரிமை இல்லாமலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. ஜெர்மனி, பிரான்சில் குடியுரிமை வாங்கினால்தான். ஜெர்மனி 2024 ஜூன் முதல் ஐந்து வருடத்தில் குடியுரிமையும் இரட்டைக் குடியுரிமையும் அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை என்பதால் இந்தியத் தமிழர்கள் ஒன்றை விட்டே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்தில் பத்து வருடம், அப்புறம் மாநிலமும் ஊராட்சியும் சம்மதிக்க வேண்டும்.

2015இல் ஒஸ்லோவின் துணை மேயரான கம்சாயினி குணரட்ணம் 2021இல் நார்வே நாடாளுமன்றத்துக்குப் போனார். 2024இல் உமா குமரன் லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்றார். தொகுதி முறை இருக்கும் நாட்டில், ஓரிடத்தில் நெருங்கி வாழும் சமூகத்துக்கு வேட்பாளர்கள் வீடு தேடி வருவார்கள். பட்டியல் முறையில் கட்சிக்குள் மேலே ஏற வேண்டும். நம் பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

2027 பிரெஞ்சு அதிபர் தேர்தலை. மக்ரோன் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க முடியாது. மரின் லெ பென்னுக்கு ஐரோப்பிய நாடாளுமன்ற நிதியைத் தவறாகப் பயன்படுத்திய வழக்கில் 2025 மார்ச் 31 அன்று பாரிஸ் நீதிமன்றம் ஐந்து வருடம் தேர்தலில் நிற்கத் தடை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அங்கேயும் இரண்டு சுற்றுதான். 2002இல் ழான் மரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது அவரை எதிர்த்து ழாக் சிராக்குக்கு 82 சதவீதம் விழுந்தது. 2017இல் அவர் மகளை எதிர்த்து மக்ரோனுக்கு 66. 2022இல் 58.5.